சில்லறை விற்பனைப் பணியிலிருந்து தகவல் தொழில்நுட்பப் பணிக்கு மாறுதல்

துணிக்கடை, பல்பொருள் அங்காடி, கைப்பேசிக் கடை, மருந்துக்கடை போன்ற இடங்களில் விற்பனையாளராகவோ காசாளராகவோ சரக்கறைப் பணியாளராகவோ சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் கணினி சார்ந்த வேலைக்குச் செல்வது இக்கட்டுரையின் பொருளாகும். தமிழ்நாட்டு நிலைமையை வைத்தே இங்கு விளக்கப்படுகிறது.

கடை வேலையை விட்டு வெளியேற நினைப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் சம்பளம் அன்று, கால்வலிதான். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. ஆனால் பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற விதி அச்சட்டத்தில் சேர்வதற்கு 2021 வரை ஆயிற்று. கேரளம் இதை 2018இலேயே செய்துவிட்டது. பதவி உயர்வு இரண்டாவது காரணம். ஒரு தளத்தில் 30 விற்பனையாளர் இருந்தால் அவர்களுக்கு மேற்பார்வையாளர் ஒருவரோ இருவரோதான் இருப்பர்.

பில்லிங் கவுண்டரில் உள்ள கணினி அறிவு

மாற விரும்புபவர்களில் பலர், தங்கள் கடை அனுபவம் இனிப் பயன்படாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எண்ணுகின்றனர். இது சரியன்று. நவீனக் கடை ஒன்றின் பில்லிங் கவுண்டர் ஒரு தகவல் அமைப்பின் முகப்பு. அதன் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதே இத்துறைக்குள் நுழைவதற்கான நல்ல தொடக்கம்.

பட்டைக்குறியை எடுத்துக்கொள்ளலாம். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரின் அங்காடியில் ஒரு சூயிங்கம் பொட்டலம்தான் இந்த முறையில் முதலில் விற்கப்பட்டது. இன்று இந்தியப் பொருள்களில் காணப்படும் குறியின் அடியில் 13 இலக்கங்கள் இருக்கும். 890 என்று தொடங்கினால் அந்த எண் இந்தியாவில் பதிவு பெற்றது என்று பொருள். (பொருள் இந்தியாவில்தான் தயாரானது என்பதற்கு அது சான்றாகாது. பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கின்றனர்.) முதல் 12 இலக்கங்கள் பொருளைக் குறிக்கின்றன. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் ஆகும்.

அதைக் கணக்கிடும் முறை எளிது. 890123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 8+0+2+4+6+8=28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 9+1+3+5+7+9=34. இதை 3ஆல் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதனுடன் எதைச் சேர்த்தால் 10ஆல் மீதியின்றி வகுபடுமோ அதுவே 13ஆவது இலக்கம். இங்கே அது 0. ஸ்கேனர் படிக்காதபோது காசாளர் கையால் எண்ணை அடிக்கிறார் அல்லவா? ஓர் இலக்கம் தவறினாலும் இந்தக் கணக்கு பொருந்தாது, கணினி ஏற்க மறுத்துவிடும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். அவற்றின் வேறுபாடு 5 ஆக இருந்தால் மட்டும், அதாவது 16 என்பது 61 ஆனாலோ 27 என்பது 72 ஆனாலோ, தவறு தப்பிவிடும். ஏன் என்பதை மாணவர்கள் தாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைத்தான் போன்ற மொழியில் இந்தக் கணக்கை எழுதப் பத்து வரிகள் போதும். முதல் நிரலாக எழுத, பாடநூல்களில் வரும் உதாரணங்களைவிட இது பொருத்தமானது.

தரவுத்தளமும் அப்படியே. பொருள் பட்டியல் ஓர் அட்டவணை, பில்லின் தலைப்பு மற்றோர் அட்டவணை, பில்லில் உள்ள வரிகள் மூன்றாவது அட்டவணை. இரவு கடை அடைக்கும்போது ரொக்கம், அட்டை, யுபிஐ எனத் தனித்தனியாகத் தொகை எடுத்துக் கணக்கு நேர் செய்பவர், எஸ்கியூஎல் மொழியில் ‘குரூப் பை’ என்று சொல்லப்படுவதைப் பெயர் தெரியாமலே செய்துவருகிறார். கணினி காட்டும் இருப்புக்கும் அலமாரியில் எண்ணிய இருப்புக்கும் வேறுபாடு வந்தால் அது எங்கே வந்தது என்று தேடிய அனுபவம், கல்லூரியில் தரவுத்தளப் பாடம் படித்த பலருக்கும் கிடைக்காத ஒன்று.

எந்த வேலைகளுக்குள் நுழைய முடியும்

நிரலாளர் ஆவது மட்டுமே தகவல் தொழில்நுட்ப வேலை அன்று. கடையிலிருந்து வருபவருக்கு மூன்று வாயில்கள் அருகில் உள்ளன.

முதலாவது உதவி மையம் எனப்படும் ஹெல்ப்டெஸ்க். பிரிண்டர் ஓடவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது, இணையம் வரவில்லை என்று அழைப்பவரின் குறையைப் பதிவு செய்து தீர்ப்பது, தீராவிட்டால் அடுத்த நிலைக்கு அனுப்புவது இதன் வேலை. கோபமாகப் பேசும் வாடிக்கையாளரிடம் நிதானம் இழக்காமல் கேள்வி கேட்டுப் பழகியவருக்கு இதில் பாதி வேலை முன்பே கைவந்தது. இரவுப் பணி உண்டு என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது மென்பொருள் சோதனை. கடை மென்பொருளைச் சோதிக்கக் கடையில் நின்றவரைவிடத் தகுதியானவர் யார்? ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற சலுகையில் வாங்கிய மூன்று சட்டைகளில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவு பணம் தர வேண்டும்? பாதித் தொகை அட்டையிலும் பாதி ரொக்கமாகவும் கட்டிய பில்லை ரத்து செய்தால் பணம் எந்த வழியில் திரும்ப வேண்டும்? 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது, முதல் நாள் வரை பழைய வாட் வரியுடன் விற்ற பொருளை மாற்ற வந்தவருக்கு எப்படி பில் போடுவது? இவை போன்ற கேள்விகளை எழுதி வைப்பதையே அத்துறையில் ‘டெஸ்ட் கேஸ்’ என்கின்றனர்.

மூன்றாவது, பில்லிங் மற்றும் சரக்கு மேலாண்மை மென்பொருள் விற்கும் நிறுவனங்களில் அதை நிறுவிக் கொடுத்துப் பயிற்சி அளிக்கும் பணி. ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருக்கும். ஆயினும் பட்டம் பற்றி அதிகம் கேட்காமல், வேலை தெரியுமா என்று பார்ப்பது பெரும்பாலும் இங்கேதான். சிறிய நிறுவனங்கள் என்பதால் வளாக நேர்காணல் போன்ற சடங்குகளும் குறைவு.

படிப்பு

பட்டம் இல்லாதவருக்குப் பெரிய நிறுவனங்களின் கதவு திறப்பது கடினம். இதை மறைப்பதில் பயனில்லை. வேலையை விடாமல் படிக்க விரும்புவோர்க்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் பிசிஏ படிப்பை நடத்துகின்றன. சென்னை ஐஐடி 2020இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. தகுதிக்கட்டப் பாடங்களில் தேறினால் சேரலாம். வருமானம் குறைந்த குடும்பத்தினருக்குக் கட்டணச் சலுகை உண்டு. தேர்வுகளை நேரில் சென்று எழுத வேண்டும் என்பதால் விடுமுறையைக் கடை முதலாளியிடம் முன்பே பேசி வைப்பது நல்லது. என்பிடெல் தளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருபவரால் இரவில் மூன்று மணி நேரம் படிக்க முடியாது. காலையில் ஒரு மணி நேரம் படிப்பது என்று வைத்துக்கொண்டால் தொடர முடியும்.

போலி அனுபவச் சான்றிதழ்

இந்த மாற்றத்தில் பலரைக் கவிழ்க்கும் பள்ளம் இதுவே. பணம் வாங்கிக்கொண்டு, ‘மென்பொருள் நிறுவனத்தில் மூன்றாண்டு வேலை’ என்று சான்றிதழும் சம்பளச் சீட்டும் தயாரித்துக் கொடுப்பவர்கள் இருக்கின்றனர். கடை வேலையைச் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்ற பயத்தை அவர்கள் விற்கிறார்கள்.

இது பிடிபடுவதற்கான வழிகள் இப்போது அதிகம். 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனம் வருங்கால வைப்புநிதி செலுத்த வேண்டும். 2014 முதல் ஒவ்வொரு பணியாளருக்கும் யுஏஎன் என்ற ஒரே எண் வழங்கப்படுகிறது. எந்த மாதம் எந்த நிறுவனத்தில் இருந்தார் என்பது அதில் வரிசையாகத் தெரியும். துணிக்கடை வைப்புநிதி கட்டிய அதே மாதங்களில் பெங்களூருவில் மென்பொருள் எழுதியதாகச் சான்றிதழ் சொன்னால், பின்னணிச் சரிபார்ப்பில் அது நிற்காது. சேர்ந்து ஓராண்டுக்குப் பிறகு தெரியவந்தாலும் வேலை போகும், போலி ஆவணம் கொடுத்ததற்காக வழக்கும் வரலாம். வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவர்களும் இதே வகையினர். ஆளெடுப்புக்குப் பணம் பெறுவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் பலவும் அறிவித்துள்ளன.

உண்மையான கடை அனுபவத்தை எழுதுவதற்கும் முறை உண்டு. ‘விற்பனையாளர், 4 ஆண்டுகள்’ என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. பில்லிங் மென்பொருளின் பெயர், நாளொன்றுக்குப் போட்ட பில்கள், இருப்பு எடுத்த பொருள்களின் எண்ணிக்கை, புதியவர்களுக்குப் பயிற்சி அளித்தது ஆகியவற்றை எழுத வேண்டும். எண்கள் உண்மையாக இருக்க வேண்டும், ஏனெனில் நேர்காணலில் அவற்றைப் பற்றித்தான் கேட்பார்கள்.

முதல் வேலையில் சம்பளம் கடையில் வாங்கியதைவிடக் குறையவும் கூடும். கடை விடுதியில் இடமும் சாப்பாடும் கிடைத்தவருக்கு வாடகையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் விலகல் கடிதம் கொடுப்பது ஆபத்து. விலகும்போது பணிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வைப்புநிதியை எடுத்துவிடாமல், பழைய யுஏஎன் எண்ணையே புதிய நிறுவனத்தில் கொடுத்தால் கணக்கைத் தொடரலாம்.