வி.பி.எஸ். பிளானை ஏ.ஐ. போடலாமா?

மே மாசம் பாளையங்கோட்டையில எங்க சபை வி.பி.எஸ்.-க்கு பிளான் போடுற வேலை இந்தத் தடவை என் தலையில. ஏ.ஐ.கிட்ட ‘குழந்தைகளுக்கு 5 நாள் நிகழ்ச்சி’ன்னு மட்டும் அடிச்சேன். மத்தியானம் 2 மணிக்கு மைதானத்துல ஓட்டப்பந்தயம்னு வந்துச்சு. நம்ம ஊர் வெயிலுக்கு!

தப்பு என்னோடது. எந்த ஊர், எந்த மாசம், எத்தனை பிள்ளைங்க, என்ன வயசு, கையில என்ன பொருள் இருக்குன்னு நாமதான் சொல்லணும். சொன்னேன். மோசே கதை, நைல் நதியைத் தாமிரபரணியை வச்சு விளக்கலாம், நாணற்பெட்டிக்குப் பதிலா பனை ஓலைக் கொட்டான் பின்னலாம்னு வந்துச்சு. அருமை!

ஆனா மனப்பாட வசனம் யாத்திராகமம் 2:26-ன்னு கொடுத்துச்சு. அந்த அதிகாரத்துல 25 வசனம்தான் இருக்கு! ஏ.ஐ. ஒவ்வொரு தடவையும் வேதாகமத்தைத் திறந்து பார்க்கிறதில்ல. அடுத்து என்ன சொல் வரும்னு கணிக்குது. எட்டு வயசுல தப்பா மனப்பாடம் பண்ணினது லேசுல அழியாது.

அதனால ரெண்டு விஷயம். வசனத்தை அச்சு வேதாகமத்துல சரிபாருங்க. பிள்ளைங்க பேரு, போட்டோ, போன் நம்பர் எதையும் அதுல போடாதீங்க.

நான் இப்போ கொட்டான் பின்னத் தெரிஞ்ச ஒரு ஆச்சியைத் தேடிட்டு இருக்கேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!