நிற்கும் இடமும் காணும் தோற்றமும்

விருத்தாசலம் சந்திப்பு நிலையத்தின் நடைமேடையில் நின்று, திருச்சி நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையைப் பாருங்கள். அருகே அகன்று கிடக்கும் இரு தண்டவாளங்களும் செல்லச் செல்ல நெருங்கித் தொலைவில் ஒன்றுகூடுவன போலத் தோன்றும். உண்மையில் அவை கூடுவதில்லை. கூடினால் வண்டி ஓடுமோ? அண்மையில் உள்ளது பெரிதாகவும் சேய்மையில் உள்ளது சிறிதாகவும் தெரிவதே இதற்குக் காரணம். இதனைத் தொலைவுத் தோற்றம் என்பர். இதனை ஓவியத்தில் வரைந்து காட்டும் முறையை இத்தாலி நாட்டு அறிஞர் அல்பெர்ட்டி 1435-ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். நிழற்படமும் இவ்விதிக்கு உட்பட்டதே.

தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை வில்லை ஒரு புள்ளியில் குவிக்கிறது. வில்லைக்கும் அப்புள்ளிக்கும் இடைப்பட்ட தூரமே குவியத் தூரம். அது மிகுந்தால் பொருளின் உருவம் பெரிதாக விழும். படத்தில் அடங்கும் காட்சியோ குறுகும்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அதனை அடுத்த நல்லூரில், ஒரு வீட்டு முற்றத்தில், ஒரே அளவுள்ள இரு பீங்கான் ஜாடிகளை முன்னும் பின்னுமாக 2 மீட்டர் இடைவெளியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அண்ணன் முன் ஜாடிக்கு 1 மீட்டர் தொலைவில் நின்று, 50 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லையால் படம் எடுக்கிறான். பின் ஜாடி அவனுக்கு 3 மீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே, அது முன் ஜாடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காகவே தெரியும்.

தங்கை 4 மீட்டர் தொலைவில் நின்று, 200 மி.மீ. வில்லையால் எடுக்கிறாள். முன் ஜாடி ஏறத்தாழ முன்போன்ற அளவிலேயே விழுகிறது. பின் ஜாடியோ அவளுக்கு 6 மீட்டர் தொலைவில் இருப்பதால், மூன்றில் இரண்டு பங்காகத் தெரிகிறது. இரண்டும் நெருங்கி நிற்பன போலத் தோன்றுகின்றன.

இம்மாற்றத்தைச் செய்தது எது? வில்லை என்றே பலரும் கூறுவர். அது பிழை. தங்கை நின்ற இடத்திலேயே நின்று, 50 மி.மீ. வில்லையால் எடுத்து, அப்படத்தில் ஜாடிகள் உள்ள பகுதியை நான்கு மடங்கு பெரிதாக்கினாலும், அதே மூன்றில் இரண்டு பங்கையே காண்பாள். தோற்றத்தை அமைப்பது நிற்கும் இடம். அதில் எவ்வளவு படத்தில் அடங்கும் என்பதை வரையறுப்பது குவியத் தூரம்.

இதனை அறியாவிடில், குற்றமற்றவரையும் பழிக்க நேரும். 2020-ஆம் ஆண்டில், பெருந்தொற்றுக் காலத்தில், டென்மார்க்கு நாட்டு நிழற்படக் கலைஞர் இருவர் இதனை விளக்கிக் காட்டினர். பொது இடங்களில் இருந்த மக்களையே இருவகை வில்லைகளால் படம் எடுத்தனர். அருகிலிருந்து அகன்ற காட்சியாக எடுத்த படத்தில் மக்கள் இடம்விட்டு நின்றனர். தொலைவிலிருந்து நீண்ட குவியத் தூர வில்லையால் எடுத்த படத்திலோ நெருக்கியடித்து நிற்பவர் போலத் தோன்றினர். இரண்டும் மெய்யான படங்களே.

ஆதலின், படம் ஒன்றைக் கண்டதும் தீர்ப்புக் கூற விரையாதீர்கள். எடுத்தவர் எங்கே நின்றார் என்று முதலில் வினவுங்கள்.