எட்டு மணி நேரம்: சட்டத்தின் கணக்கும் ஊர்ப்பேச்சும்

இந்தியாவில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல், நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் போட்டிருந்த வரம்பு. தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தால் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொன்னது. வரம்பைத் தாண்டி வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. வாரம் 6 நாள், நாளுக்கு 8 மணி என்று பிரித்துக்கொள்வதே வழக்கம் என்பதால், மக்கள் வாயில் அது ‘எட்டு மணி நேர வேலை’ ஆகிவிட்டது.

இந்த வரம்பு சும்மா வந்ததல்ல. 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளியின் வேலைநேரத்தை 12 மணி என்று வைத்திருந்தது. அப்போதைய சென்னையில், பெரம்பூர் பகுதியில் இருந்த பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களை முதலில் கொதிக்கவைத்தது சோற்று நேரம்தான். நண்பகலில் கிடைத்த அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்து, கையைக் கழுவி, சாப்பிட்டுத் திரும்பி இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். அது போதவில்லை, 40 நிமிடமாக்குங்கள் என்று கேட்டார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் அதன் முன்வரிசையில் நின்றார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாகப் பலரும் கருதும் சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று பத்து நிமிடம்.

மறுஆண்டே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதியது. இந்தியாவுக்கு 60 மணி என்று தனிச்சலுகை தரப்பட்டது. சலுகை யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54 மணி என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக 1946இல் 48ஐத் தொட்டது. சுதந்திர இந்தியாவின் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இந்த வரம்பு தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேச்சானது 2023 ஏப்ரலில். அந்த மாதம் 21ஆம் தேதி சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. 65-ஏ என்றொரு புதிய பிரிவைச் சேர்த்து, அரசு விரும்பினால் எந்தத் தொழிற்சாலைக்கும் வேலைநேரம், ஓய்வு, கூடுதல் கூலி ஆகிய விதிகளிலிருந்து விலக்கு தரலாம் என்றது அது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நாளுக்கு 12 மணியாக நான்கு நாள் உழைத்துவிட்டு மூன்று நாள் விடுப்பில் இருக்கலாம், அதுவும் தொழிலாளி விரும்பினால்தான் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். மூன்றே நாளில், தொழிற்சங்கங்களோடு நடந்த பேச்சுக்குப் பிறகு மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அதைத் திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். சட்டமன்றத்தில் நிறைவேறிய ஒன்று பத்தே நாளில் பின்வாங்கப்படுவது அபூர்வம்.

அந்தப் பத்து நாளில் டீக்கடையிலும் கம்பெனி பஸ்ஸிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி வந்த கருத்துகளைச் சலித்தால் மூன்று நான்கு வகைக்குள் அடங்கும். ‘மூணு நாள் லீவு கிடைச்சா நல்லதுதானே’ என்பது ஒன்று. ‘ஓ.டி. பார்த்தாத்தான் கையில நாலு காசு நிக்கும்’ என்பது இன்னொன்று. ‘ரொம்பப் பேசினா கம்பெனிக்காரன் பக்கத்து ஸ்டேட்டுக்குப் போயிடுவான்’ என்பது மூன்றாவது. ‘அந்தக் காலத்துல நாங்க நேரம் பார்த்தா வேலை செஞ்சோம்?’ என்கிற பெரியவர் குரல் எப்போதும் உண்டு. இவற்றில் எதுவும் முட்டாள்தனமானதல்ல. ஒவ்வொன்றும் சொல்பவரின் பிழைப்பிலிருந்து வருகிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு விடுபட்டிருக்கிறது.

ஓ.டி.யை எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிலாளிக்கு மணிக்கு 75 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், பழைய விதிப்படி அவர் ஒரு நாளில் 12 மணி நேரம் வேலை செய்தால் முதல் 9 மணிக்கு 675 ரூபாய், மிச்சம் 3 மணிக்கு இரட்டிப்பாக 450 ரூபாய், ஆக 1,125. கூடுதல் கூலி விதிக்கு விலக்கு கொடுத்து 12 மணியையே சாதாரண நாளாக்கிவிட்டால் அதே உழைப்புக்கு 900தான். நாளுக்கு 225 வீதம், நான்கு நாளுக்கு 900 ரூபாய் குறைகிறது. வாரத்துக்கு 48 மணி மாறவில்லை என்ற விளக்கம் உண்மைதான். இந்த 900 ரூபாயைப் பற்றி அது பேசவில்லை.

திருப்பூரில் இந்தக் கணக்குக்குத் தனிப்பேச்சே உண்டு. பனியன் கம்பெனிகளில் 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். இன்னொரு 4 மணி நேரம் சேர்ந்தால் ‘ஒன்றரை ஷிப்ட்’. காலை எட்டரைக்குத் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் இரவு எட்டரைக்கு எழுந்தால் வாரச் சம்பளத்தில் அந்த அரை அரையாகச் சேரும். சட்டம் சொல்லும் இரட்டிப்பைப் போட்டால் அந்த அரை, முழு ஒன்றாக வேண்டும். ஊரின் வாய்ப்பேச்சிலேயே அது அரையாக நின்றுபோனதில் ஒரு வரலாறு இருக்கிறது. அங்கே ‘ஓ.டி. வேணும்’ என்று தொழிலாளியே கேட்பதை விருப்பம் என்று எடுத்துக்கொள்வது பாதி உண்மை. எட்டு மணிக் கூலியில் வீட்டு வாடகையும் பிள்ளை ஃபீஸும் கட்ட முடிந்தால் எத்தனை பேர் கேட்பார்கள் என்பதுதான் மீதிப் பாதி.

மூன்று நாள் விடுப்பு என்ற வாதம் காகிதத்தில் அழகானது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஆலைகளுக்குக் காஞ்சிபுரம், அரக்கோணம், செய்யாறு பக்கங்களிலிருந்து கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றி வருகின்றன. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் 12 மணி வேலை 15 மணி ஆகிறது. மீதி 9 மணிக்குள் தூக்கம், குளியல், சமையல் எல்லாம் அடங்க வேண்டும். பெண்ணாக இருந்தால் வீட்டில் இன்னொரு ஷிப்ட் காத்திருக்கும்.

‘கம்பெனி போய்விடும்’ என்கிற பயத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. மாநிலங்கள் முதலீட்டுக்காக ஒன்றோடொன்று போட்டி போடுவது கண்கூடு. தமிழ்நாட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, 2023 பிப்ரவரியில், கர்நாடகம் இதேபோன்ற திருத்தத்தை நிறைவேற்றியது. ஆப்பிள், ஃபாக்ஸ்கான் நிறுவனங்கள் அதற்காக வலியுறுத்தியதாக ஆங்கில நாளேடுகளில் செய்தி வந்தது. பெருநிறுவனச் செல்வாக்கு என்றால் பணப்பெட்டி கைமாறுவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ‘பக்கத்து மாநிலம் தருகிறதே’ என்ற ஒரு வாக்கியம் போதும். அதிகாரியும் அமைச்சரும் அதைச் சொல்கிறார்கள், பத்திரிகை எழுதுகிறது, கடைசியில் தொழிலாளியே தனக்கு எதிராக அதை டீக்கடையில் சொல்கிறார். தமிழ்நாட்டில் மசோதா வாபஸான பிறகும் ஆலைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாலை, துறைமுகம், மின்சாரம், படித்த பெண்கள் என்று முதலீட்டாளர் பார்ப்பது பல. வேலைநேரம் அதில் ஒன்று மட்டுமே.

யாருடைய பேச்சு செய்தியாகிறது என்பது தனிக்கதை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90க்கு உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். இரண்டுமே நாட்கணக்கில் விவாதமாயின. 90 மணி என்பதை ஏழு நாளுக்கும் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 13 மணி. உலகச் சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்றது. நீண்ட வேலைநேரத்தோடு தொடர்புடைய பக்கவாத, இதயநோய் மரணங்கள் 2016இல் மட்டும் உலகெங்கும் 7,45,000 என்றும் மதிப்பிட்டது. தலைவர்களின் வாக்கியத்துக்குக் கிடைத்த இடத்தில் ஒரு மூலைகூட இந்த எண்ணுக்குக் கிடைக்கவில்லை.

அந்த விவாதங்களைக் கேட்கும்போது 12 மணி நேர வேலை ஏதோ இனிமேல் வரப்போகிறது என்று தோன்றும். அது ஏற்கெனவே இங்கே இருக்கிறது. அடுக்குமாடி வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்குப் பல இடங்களில் 12 மணி ஷிப்ட். ஓட்டல், மளிகைக்கடை, ஜவுளிக்கடை ஆட்களுக்குக் கடை திறப்பதும் மூடுவதும்தான் கடிகாரம். தொலைக்காட்சியில் வேலைநேரம் பற்றிய விவாதம் ஓடும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு, தியாகராய நகரின் பெரிய ஜவுளிக்கடைகளில் வாடிக்கையாளர் பிரித்துப்போட்டுவிட்டுப் போன புடவைகளை ஆட்கள் மடித்துக்கொண்டிருப்பார்கள். விவாத மேசையில் கட்சிப் பேச்சாளர், பொருளாதார நிபுணர், தொழில்துறைப் பிரதிநிதி உண்டு; புடவை மடிப்பவருக்கு அங்கே நாற்காலி இல்லை, பார்ப்பதற்கு நேரமும் இல்லை.

ஊடகம் இதை வேண்டுமென்றே மறைக்கிறது என்று சொல்வது எளிது. நடப்பது அதைவிடச் சாதாரணமானது. தீபாவளி, ஆடித் தள்ளுபடிக் காலங்களில் தமிழ் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் தருபவை ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும். அவற்றைப் பற்றி எழுதாதே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எழுத யாருக்கும் தோன்றாது, அவ்வளவுதான். வசந்தபாலன் 2010இல் எடுத்த ‘அங்காடித் தெரு’ படம் அத்தனை பேரைத் திடுக்கிட வைத்ததற்கு இதுவும் காரணம். தினம் போய்வரும் கடைக்குள் நடப்பதைச் சினிமா வந்து சொல்ல வேண்டியிருந்தது.

செய்தி வராத இடத்தை வதந்தி நிரப்புகிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர் விடுதி உணவால் நோயுற்றார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. அது பொய். ஆனால் சக பெண்களைப் பற்றி யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லாத நிலையில் பொய்தான் முதலில் வந்து சேர்ந்தது. அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் தரமாக இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. வதந்தியை நம்பியதற்காக அந்தப் பெண்களைக் கேலி செய்தவர்கள் இந்தக் கடைசி வரியைப் படித்தார்களா தெரியாது.

2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின்போதும் பொதுக்கருத்து இரண்டாகப் பிளந்தது. சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே முதன்மைக் கோரிக்கை. வெளியே பேசப்பட்டதோ பெரும்பாலும் சம்பளம். ‘வாங்குற சம்பளத்துக்கு இவங்களுக்கு என்ன குறை?’ என்று கேட்டவர்களில் பலர் அதைவிடக் குறைவாக வாங்குபவர்கள். தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்கு ஏன் என்ற அந்தக் கேள்வி, எந்த நிர்வாகமும் செலவழிக்காமல் பெறும் ஆதரவு. 2025 ஜனவரியில், உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, சங்கம் பதிவானது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு இவற்றில் ஒன்று வந்திருக்கிறது. நாளுக்கு 8 மணி என்ற வரையறையும் கூடுதல் வேலைக்கு இரட்டிப்புக் கூலியும் அதிலும் உண்டு. எல்லாத் தொழிலாளருக்கும் வேலை நியமனக் கடிதம் கட்டாயம். ஆனால் வேலையையும் ஓய்வையும் நாளின் எத்தனை மணிக்குள் விரிக்கலாம், எந்த ஆலைக்கு என்ன விலக்கு என்பவற்றில் பெரும்பகுதியை அரசுகள் எழுதும் விதிகளும் அறிவிக்கைகளும்தான் தீர்மானிக்கும். 2023இல் நடந்ததுபோல் இனி சட்டமன்றத்தில் மசோதா, வெளிநடப்பு, மறுநாள் தலைப்புச்செய்தி என்று இது வராது. அரசிதழில் ஒரு பக்கமாக வரும்.

சட்டம் காகிதத்தில் இருப்பதற்கும் கடைக்குள் வருவதற்கும் உள்ள தூரத்துக்கு ஓர் உதாரணம் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது. கடை ஊழியர்கள் அனைவருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளத்துக்குப் பிறகு இதைச் செய்த மாநிலம் தமிழ்நாடு. அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போகும் வாசகர், கல்லாவுக்குப் பின்னால் இருப்பதைத் தவிர வேறு நாற்காலி தளத்தில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் அதைக் கடைக்காரரிடம் கேட்கட்டும்.