கிளைடர் வாங்குமுன் இழுக்கும் விமானத்தைக் கணக்கிடுங்கள்

வளைகுடா நாடுகளில் தொழில் பார்த்துவிட்டு விடுமுறையில் ஊர் வரும் எமது இளைஞர்கள் ஒரு காலத்தில் ரேடியோவும் கெசட் பிளேயரும் கொண்டு வந்தார்கள். இப்போது ரிமோட்டில் பறக்கும் விமானம் கொண்டு வரலாமா என்று விசாரிக்கிறார்கள். மாத்தளை நகரில் பென்சி சாமான் கடை வைத்திருக்கும் நண்பர்கள் சிலரோ, "இதைக் கடையில் போட்டால் ஓடுமா?" என்று கேட்கிறார்கள். வியாபாரத்துக்கு அப்பால் இந்தப் பொழுதுபோக்கிலும் சில வருடங்களாக ஈடுபட்டு வருபவன் என்ற வகையில், இரு சாராருக்கும் பயன்படும் சில விடயங்களை இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் விடயத்தைப் புரிந்துகொள்வோம். கிளைடர் என்பது நீண்ட ஒடுங்கிய இறக்கைகளைக் கொண்ட, மோட்டார் இல்லாமல் காற்றில் மிதந்து இறங்கும் விமானம். அதை மேலே கொண்டு செல்ல ஒரு வழி, மோட்டார் உள்ள இன்னொரு விமானத்தில் கயிறு கட்டி இழுத்துச் செல்வதாகும். பழுதான லொறியை இன்னொரு லொறி கட்டி இழுப்பது போலத்தான். போதிய உயரம் வந்ததும் கிளைடரை ஓட்டுபவர் ரிமோட் மூலம் கயிற்றைக் கழற்றிவிடுவார். அதன் பின் அது தனியே மிதக்கும். சறுக்கு விகிதம் 15 என்றால், 100 மீற்றர் உயரத்திலிருந்து காற்றில்லாத நேரத்தில் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் மிதந்து செல்லலாம். வெயிலில் சூடாகி மேலெழும் காற்று அகப்பட்டால் இன்னும் அதிக நேரம் நிற்கும்.

லொறியை முச்சக்கர வண்டியில் கட்டி இழுக்க முடியாது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் விமானம் வாங்கும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கிளைடரின் அழகைப் பார்த்து ஒன்றையும், விலை மலிவைப் பார்த்து இழுவை விமானம் ஒன்றையும் வாங்கி, இரண்டும் பொருந்தாமல் அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். நாம் வாங்குவது இரண்டு சாமான்கள் அல்ல, ஒரு சோடி. இதை மனதில் வைத்தால் பாதிப் பணம் மிச்சமாகும்.

கிளைடரைத் தெரிவு செய்தல்

புதிதாகத் தொடங்குபவர் முதலில் இழுவை விமானமே வாங்கத் தேவையில்லை. மூக்கில் சிறிய மின் மோட்டாரும், மோட்டார் நின்றதும் மடங்கிக்கொள்ளும் புரொப்பெலரும் உள்ள கிளைடர்கள் கிடைக்கின்றன. ரேடியன் என்ற மொடல் 2 மீற்றர் இறக்கை அகலமுடையது. ஜேர்மனியின் மல்டிப்ளெக்ஸ் நிறுவனத்தின் ஈஸிகிளைடர் 1.8 மீற்றர். இவை ரிஜிபோமை ஒத்த, ஆனால் அதைவிட உறுதியான போமினால் செய்யப்பட்டவை. விழுந்து உடைந்தால் பசை போட்டு ஒட்டலாம். பழகுபவர் விமானத்தைக் கட்டாயம் கீழே போடுவார். ஆகவே ஒட்டக்கூடியதை வாங்குவதே புத்தி.

பெரும்பாலும் ஈக்வடோர் நாட்டில் விளையும் பால்சா மரத்தில் செய்யப்பட்டவை பாரம் குறைந்தவை, அழகானவை. ஆனால் எமது ஈரக் காற்றில் கவனமாகப் பேண வேண்டும், கறையானுக்கும் பயப்பட வேண்டும். பைபர் கிளாஸில் வரும் பெரிய கிளைடர்கள் கைதேர்ந்தவர்களுக்குரியவை. போம் விமானத்திலும் ஒரு கவனம் தேவை. தம்புள்ளை வெயிலில் மூடிய வாகனத்துக்குள் விட்டால் போம் கொப்பளித்து இறக்கை வளைந்துவிடும்.

இழுவை விமானத்தைத் தெரிவு செய்தல்

வேகமாகப் பறக்கும் விமானம் நன்றாக இழுக்கும் என்று நினைப்பது தவறு. கிளைடர் மெதுவாகப் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. வேகமாக இழுத்தால் அதன் நீண்ட இறக்கைகள் நடுங்கி முறியக்கூடும். எனவே இழுவை விமானம் மெதுவாகவும் பலமாகவும் பறக்க வேண்டும். மேலே பொருத்திய அகலமான இறக்கை, பெரிய புரொப்பெலர், புல்லிலும் ஓடக்கூடிய பெரிய சக்கரங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். அசல் விமானங்களிலும் இதே கதைதான். வயலுக்கு மருந்து தெளிக்கச் செய்யப்பட்ட பைப்பர் பவ்னீ விமானம் பல நாடுகளில் கிளைடர் இழுக்கும் வேலைக்கு மாறியது. பாரம் சுமந்து மெதுவாகப் பறக்க அதற்குத் தெரியும் என்பதே காரணம்.

இனி கணக்குக்கு வருவோம். நான் கைக்கொள்ளும் அளவு, இரண்டு விமானங்களின் மொத்த எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 200 வாட் சக்தி என்பதாகும். இழுவை விமானம் ஒன்றரைக் கிலோ, கிளைடர் ஒரு கிலோ என்றால் மொத்தம் இரண்டரைக் கிலோ. தேவை 500 வாட். மூன்று செல் பெட்டரியின் 11.1 வோல்ட்டில் இது 45 அம்பியர். மோட்டாரும் அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இதைத் தாங்குமா என்று கேளுங்கள். 2200 மில்லி அம்பியர் பெட்டரி இந்தக் கணக்கில் முழு வேகத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே நிற்கும். பாதுகாப்புக்கு ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்தால், இரண்டு தடவை இழுத்ததும் பெட்டரியை மாற்ற வேண்டியதுதான். தொடக்கத்தில் இழுவை விமானத்தைவிடப் பாரம் கூடிய கிளைடரைக் கட்டவே வேண்டாம்.

கயிறு 20 முதல் 30 மீற்றர் வரை இருந்தால் போதும். கயிற்றைக் கழற்றும் கொக்கி இரண்டு விமானங்களிலும் இருக்க வேண்டும். கிளைடர் அளவுக்கு மேல் உயர்ந்தால் முன்னே செல்லும் விமானத்தின் வாலைத் தூக்கி, மூக்கைத் தரையை நோக்கித் திருப்பிவிடும். அந்த நேரத்தில் இழுப்பவரும் கயிற்றை விட்டுவிட முடிந்தால்தான் ஒன்றாவது மிஞ்சும். ஓட்டுபவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே பறக்கவிட வேண்டும்.

பெட்டியில் இல்லாதவை

விலையைக் கேட்கும்போது பெட்டியில் என்ன இருக்கிறது என்பதோடு, என்ன இல்லை என்பதையும் கேளுங்கள். ஆர்.டி.எப். என்றால் எல்லாம் சேர்ந்தது. பி.என்.பி. என்றால் ரிமோட், ரிசீவர், பெட்டரி, சார்ஜர் நாம்தான் வாங்க வேண்டும். கிட் என்றால் மோட்டார்கூட இருக்காது. கயிற்றுக் கொக்கியையும் சேர்த்தால் ஆறு செனல் ரிமோட் தேவைப்படும். முதலிலேயே அதை வாங்கினால் இரண்டாவது தடவை செலவில்லை. ஸ்பெக்ட்ரம் ரிமோட் புட்டாபா ரிசீவரோடு பேசாது என்பதையும் கவனியுங்கள். மோட்டார் வேகத்தைக் கூட்டும் கைப்பிடி இடது கையிலா வலது கையிலா என்பதையும், உங்களுக்குப் பழக்குபவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

லிதியம் பொலிமர் பெட்டரி விடயத்தில் அலட்சியம் கூடாது. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும், 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. பறக்கவிடாத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். ஊதிப்போனதைப் பாவிக்க வேண்டாம். கடைக்குள் இரவில் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது கடைக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். விமானத்தில் கொண்டு வருபவர் மேலதிக பெட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் மணிக்குக் குறைவானதை விமான நிறுவனங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. மேலே சொன்ன பெட்டரி 24 வாட் மணி அளவுதான். முனைகளை டேப்பினால் மூடிவிடுங்கள்.

அனுமதியே முதல் செலவு

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது இதுதான். எமது நாட்டில் ரிமோட் விமானத்தை விளையாட்டுப் பொருளாக மட்டும் யாரும் பார்ப்பதில்லை. 2007 மார்ச் 26 அன்று புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் சிவில் விமான சேவைகள் அதிகார சபை ட்ரோன்களைப் பறக்கவிடுவதை இடைநிறுத்தியது. அக்காலத்தில் எமது வீடுகளும் கடைகளும் தேடப்பட்டபோது, சாதாரணப் பொருட்களுக்குக்கூட விளக்கம் சொல்லத் திணறியவர்கள் எத்தனை பேர் என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆவணம் இல்லாத ஒரு ரேடியோக் கருவியைக் கடையில் வைத்திருப்பது எந்த வர்த்தகருக்கும் நல்லதல்ல.

ரேடியோ அலை அனுப்பும் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே ஓடர் கொடுக்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேளுங்கள். விற்பதற்குத் தனி அனுமதிப்பத்திரம் தேவை என்பதையும் மறக்க வேண்டாம். பறக்கவிடுவதற்கு சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. கெமரா இல்லை என்பதால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பின்னரே முற்பணம் கட்டுங்கள். சுங்கத்தில் நிற்கும் பெட்டிக்கு நாளுக்கு நாள் வாடகை ஏறும். அந்தக் காசு எந்த விற்பனையிலும் திரும்பி வராது.

எங்கே பறக்கவிடுவது?

மாத்தளை மாவட்டத்தில் வெளி நிறைய உண்டு என்றாலும் எல்லாமே பொருந்தாது. சீகிரியாவில் விமான நிலையமும் விமானப்படை முகாமும் உள்ளன. தம்புள்ளை, கண்டலம பக்கம் பருவ காலத்தில் காலை வேளையில் உல்லாசப் பயணிகளின் பலூன்கள் பறக்கின்றன. ரிவர்ஸ்டன், பிடவல பதன பகுதியின் காற்றைப் பார்த்தால் கிளைடர்காரருக்கு ஆசை வரும். ஆனால் அது நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். காற்றும் போம் விமானத்தை மலைக்கு அப்பால் கொண்டுபோய்விடும். சனம் நடமாட்டம் இல்லாத, மின்கம்பி குறுக்கிடாத, அறுவடை முடிந்த வயல்வெளியே ஏற்றது. அதற்கும் வயல்காரரின் சம்மதமும் பொலிஸாருக்கு முன்னறிவித்தலும் வேண்டும்.

வியாபாரமாக ஓடுமா?

கடைக்கார நண்பர்களுக்கு எனது பதில் இது: விமானங்களை அடுக்கி வைத்து விற்கும் அளவுக்கு மாத்தளையில் வாடிக்கையாளர்கள் இல்லை. 2022இல் சில வாரங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைக் கண்டோம். இவ்வாறான பொருளில் பெரிய முதலை முடக்குவது ஆபத்து. அனுமதிப்பத்திரத்தோடு ஓடருக்கு மட்டும் தருவித்துக் கொடுப்பது, புரொப்பெலர், பசை, கயிறு போன்ற உதிரிகளை வைத்திருப்பது, உடைந்ததைத் திருத்திக் கொடுப்பது ஆகியவை சிறிய முதலில் செய்யக்கூடியவை. லாபம் இருப்பது திருத்த வேலையில்தான்.

பிள்ளைகளுக்கு இது வீண் செலவா என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு தகவல். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த சென்னை எம்.ஐ.டி. கல்லூரியின் தக்ஷா மாணவர் குழு, ரிமோட் விமானப் பிரியரான நடிகர் அஜித் குமாரை 2018இல் ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது. அதே வருடம் அவுஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. கையால் செய்து பழகியவருக்குத் தொழில் வழியும் திறக்கிறது.

எனவே வாங்க விரும்புபவர் ஒரு தாளை எடுத்து, கிளைடரின் எடை, இழுவை விமானத்தின் எடை, மோட்டாரின் வாட், பெட்டியில் இல்லாதவற்றின் விலை, பெற வேண்டிய அனுமதிகள் என்று ஐந்து வரி எழுதுங்கள். ஐந்தும் நிரம்பிய பின் பணத்தை வெளியே எடுங்கள். ஒரு வரி வெறுமையாக இருந்தால் அடுத்த மாதம் வரை பொறுத்திருப்பதில் நட்டம் எதுவுமில்லை.