மெமரி கார்ட் மக்கர் செய்கிறதா? பார்மட் பட்டனைத் தொடாதீர்கள்!

பக்கத்து வீட்டு நண்பர் தன் பேத்தியின் காது குத்து விழாவை டிஜிட்டல் கேமராவில் படம் பிடித்து வந்தார். மொத்தம் 240 போட்டோக்கள். வீட்டிற்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால், 'இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் பார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் ஒரு செய்தி காட்டியது. பதறிப் போய்த் தெருமுனைக் கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்த பையன் உடனே பார்மட் செய்து, கேமராவில் போட்டு ஒரு நிமிடம் வீடியோவும் எடுத்துப் பார்த்து, "கார்டு நல்லா இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். கார்டு நன்றாகத்தான் இருந்தது. போட்டோக்களைத்தான் காணோம்.

அன்று மாலை அந்தக் கார்டு என்னிடம் வந்தது. 200-க்கும் மேற்பட்ட படங்களை மீட்டுவிட்டோம். கிடைக்காமல் போனவை முதலில் எடுத்த முப்பது சொச்சம் படங்கள். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து முடி இறக்கிக் கொண்ட படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அவற்றை அழித்தது பார்மட் அல்ல. அதற்குப் பின் சோதனைக்காக எடுத்த அந்த ஒரு நிமிட வீடியோ!

இது எப்படி என்று பார்ப்போம். ஒரு கார்டில் இரண்டு பகுதிகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று, போட்டோக்கள் பதிவாகும் பெரிய இடம். இன்னொன்று, எந்தப் படம் எந்த இடத்தில் உள்ளது என்று குறித்து வைக்கும் அட்டவணை. படம் பதிவாகிக் கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்து போனாலோ, விளக்கு மின்னும்போதே கார்டை உருவினாலோ பெரும்பாலும் கெட்டுப் போவது இந்த அட்டவணைதான். அதைப் படிக்க முடியாத விண்டோஸ், கார்டே காலி என்று நினைத்து பார்மட் செய்யச் சொல்கிறது. பெரும்பாலான கேமராக்களும், விண்டோஸின் குயிக் பார்மட்டும் புதிய வெற்று அட்டவணையை எழுதுவதோடு நின்றுவிடுகின்றன. படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், அவற்றின் மேல் வேறு எதுவும் எழுதப்படாத வரை. (சில கேமராக்களில் லோ லெவல் பார்மட் என்று ஒரு வசதி உண்டு. அது முழு இடத்தையும் துடைக்கக் கூடியது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.)

எனவே 'கார்ட் எரர்' என்று கேமரா சொன்னால், அந்த நொடியிலேயே படம் எடுப்பதை நிறுத்திக் கார்டை வெளியே எடுங்கள். எஸ்.டி. கார்டின் ஓரத்தில் சிறிய பிளாஸ்டிக் லாக் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளி லாக் செய்திடுங்கள். இனி கம்ப்யூட்டர் தவறிப் போய் எதையும் எழுதிவிடாது. பின்னர் கார்டின் தங்க நிறப் பட்டைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, வேறு ஒரு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். பல சமயங்களில் குற்றவாளி கார்டு அல்ல, ரீடர்தான்! கார்டு திறந்தால் டிசிஐஎம் என்ற போல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி செய்திடுங்கள். வேலை முடிந்தது.

திறக்கவில்லையா? உடனே செக் டிஸ்க் கட்டளையை இயக்கச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். அவசரப்பட வேண்டாம். அது அட்டவணையைச் 'சரி செய்கிறேன்' என்று கார்டிலேயே எழுதும். உங்கள் படங்களைப் பெயர் தெரியாத சிஎச்கே பைல்களாக மாற்றிவிடவும் கூடும். முதலில் மீட்பு, பிறகுதான் ரிப்பேர்.

மீட்பதற்கு நான் பயன்படுத்துவது போட்டோரெக் என்ற இலவச புரோகிராம். கிறிஸ்டோப் கிரெனியர் என்பவர் உருவாக்கியது. டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு புரோகிராமுடன் சேர்ந்தே கிடைக்கிறது. இது அட்டவணையை நம்புவதில்லை. ஒவ்வொரு ஜேபெக் படமும் தொடங்கும் இடத்தில் ஒரே மாதிரியான அடையாளக் குறி இருக்கும். அந்தக் குறியைத் தேடிக் கார்டு முழுவதையும் படித்துக் கொண்டே போகும். கறுப்புத் திரையில் இயங்கும் புரோகிராம் என்பதால் புதியவர்களுக்குப் பயமாக இருக்கலாம். அதே பேக்கேஜில் க்யூபோட்டோரெக் என்ற பைல் உள்ளது. அதை இயக்கினால் வழக்கமான விண்டோ கிடைக்கும். மேலே உள்ள பட்டியலில் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். கொள்ளளவைப் பார்த்து அடையாளம் காணலாம். 8 ஜிபி கார்டு சுமார் 7.4 ஜிபி எனத் தெரியும், பயப்பட வேண்டாம். பார்மட் ஆகிவிட்ட கார்டு என்றால் முழுவதையும் தேடும்படி அமைத்திடுங்கள். மீட்ட படங்களைச் சேமிக்கும் போல்டர் கண்டிப்பாக ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதே கார்டில் சேமித்தால் மீட்கும் படங்களே மற்ற படங்களை அழித்துவிடும். பின் சர்ச் பட்டனில் கிளிக் செய்துவிட்டு ஒரு காபி குடித்து வாருங்கள்.

படங்களின் பழைய பெயர்கள் திரும்ப வராது. எப் என்ற எழுத்தும் நீண்ட எண்களுமாகக் கிடைக்கும். ஆனால் எடுத்த தேதியும் நேரமும் படத்திற்குள்ளேயே பதிவாகி இருப்பதால் அதை வைத்து வரிசைப்படுத்திக் கொள்ளலாம். சில படங்கள் பாதியில் சாம்பல் நிறமாக முடியும். அவற்றின் மீதிப் பகுதி அழிந்துவிட்டது என்று பொருள்.

படங்கள் பத்திரமானபின் லாக்கை எடுத்துவிட்டு, கார்டைக் கேமராவிலேயே வைத்து பார்மட் செய்திடுங்கள். அதன் பிறகும் அதே கார்டு தொல்லை கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குப் பார்த்து அடுத்த விழாவைப் பணயம் வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

எரர் எல்லாம் எரர் அல்ல

கார்டில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே எரர் செய்தி வருவதுண்டு. அண்மைக் காலமாகப் பலர் பீரோவில் கிடந்த பழைய கேமராக்களைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். சாதாரண எஸ்.டி. கார்டின் எல்லை 2 ஜிபி. 4 முதல் 32 ஜிபி வரையிலான எஸ்.டி.எச்.சி. வகை 2006-ல்தான் வந்தது. அதற்கும் மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. 2009-ல் அறிவிக்கப்பட்டது. ஆகவே 2005-ல் வாங்கிய கேமராவில் இன்று கடையில் கிடைக்கும் 64 ஜிபி கார்டைப் போட்டால் அது விழிக்கத்தான் செய்யும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரும் அப்படித்தான். 64 ஜிபி கார்டின் பைல் அமைப்பை அதற்கான அப்டேட் இல்லாமல் எக்ஸ்பி அறியாது. நல்ல கார்டையே பார்மட் செய்யச் சொல்லும்.

'கார்டு லாக் ஆகியுள்ளது' என்று கேமரா அடம் பிடித்தால் அந்தப் பிளாஸ்டிக் லாக் உடைந்து விழுந்திருக்கலாம். லாக் இருந்த பள்ளத்தின் மேல் சிறு துண்டு செல்லோ டேப் ஒட்டிப் பாருங்கள். பட்டைகளின் மேல் மட்டும் டேப் படக் கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று 128 ஜிபி கார்டு வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே 8 ஜிபி மட்டும் வைத்து 128 என்று பொய்க் கணக்குக் காட்டும் போலிக் கார்டுகள் உள்ளன. முதல் 8 ஜிபி வரை ஒழுங்காக இருக்கும், அதன்பின் எடுத்த படங்கள் திறக்காது. அவற்றை போட்டோரெக்காலும் மீட்க முடியாது, பதிவே ஆகவில்லையே! ஜெர்மன் கம்ப்யூட்டர் இதழான சி'டி வெளியிட்ட எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம், கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். பெரிய கார்டு என்றால் சில மணி நேரம் பிடிக்கும். கார்டு வாங்கிய அன்றே, அதில் ஒரு படமும் எடுப்பதற்கு முன், கடை பில் கையில் இருக்கும்போதே செய்து பாருங்கள்.