வெக்கை நோய் ஒழிந்த வரலாறு

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மலையேறினால் காந்தலூரை அடையலாம். அது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஊராயினும், அங்கு வாழ்வோருள் தமிழ் பேசுவோர் பலர். வடக்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிச் சந்தை மாடுகள் கேரளத்துக்குச் செல்கின்றன. மாநில எல்லை மனிதர் வகுத்தது; மாட்டைப் பற்றும் நோய் அதனை அறியாது.

அத்தகைய நோய்களுள் மிகக் கொடியதாக விளங்கியது வெக்கை. காய்ச்சல் கண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, வாய் புண்ணாகி, கடுங்கழிச்சலால் மாடு சில நாட்களில் மாளும். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. தொழுவம் வெறுமையானால் ஏரும் நின்றது, பாலும் அற்றது.

கால்நடை நோய்களை ஆராய்வதற்காக 1889-ஆம் ஆண்டில் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. கிருமி வெளியே பரவாதிருக்கும் பொருட்டு, அது 1893-இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே 1920-களில் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் நோய்க்கிருமியை ஆடுகளின் உடலில் ஒன்றன்பின் ஒன்றாகப் பலமுறை செலுத்தினார். கிருமி மாட்டைக் கொல்லும் வலிமையை இழந்தது. எனினும் நோயை எதிர்க்கும் ஆற்றலை மாட்டுக்கு அளித்தது. தமிழகத்தில் இராணிப்பேட்டை நிலையம் 1932 முதல் இப்பணியில் துணைநின்றது. 1954-இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று.

வெக்கையை ஒழிக்க முடிந்தது ஏன்? ஒருவகைத் தடுப்பு மருந்தே எங்கும் பயன்பட்டது. பிழைத்த மாடு ஆயுள் முழுவதும் காப்புப் பெற்றது. கிருமி அதன் உடலில் ஒளிந்து வாழவில்லை. இறுதியில் ஊசி போடுவதையும் நிறுத்த வேண்டியிருந்தது. ஊசியால் வந்த காப்பும் நோயால் வந்த காப்பும் இரத்தச் சோதனையில் ஒன்றாகவே தோன்றும் அன்றோ? எனவே ஊசியை நிறுத்திவிட்டு, ஊர்தோறும் மாடுகளைக் கண்காணித்தனர். இந்தியாவில் 1995-க்குப் பின் இந்நோய் காணப்படவில்லை. 2011-இல் உலகெங்கும் வெக்கை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் அழிந்த நோய் இதுவே.

கோமாரி அவ்வாறு எளிதில் அடங்குவதன்று. நம் நாட்டில் அதன் கிருமி மூவகைப்படும். குணமான மாட்டின் தொண்டையிலும் அது பல மாதங்கள் தங்கக்கூடும். ஆகவே ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஊசி தேவைப்படுகிறது. 2019 முதல் மத்திய அரசின் திட்டத்தின்கீழ் இவ்வூசி இலவசமாகவே போடப்படுகிறது.

பிற மாநிலங்களில் பணிபுரியும் நேயர்களுள் பலருக்கு ஊரில் இன்றும் மாடு கன்றுகள் இருக்கக்கூடும். வீட்டாருடன் பேசும்போது, கோமாரி ஊசி போட்டாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்டச் சொல்லுங்கள். நோய் கண்டால் மறைக்காது மருத்துவருக்கு உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். வெக்கையை வென்றது மருந்து மட்டுமன்று. நோய் கண்டதை ஒளிக்காது உரைத்த எளிய உழவரின் நேர்மையும் ஆகும்.