எந்தப் புதுக்கோட்டை? கம்ப்யூட்டருக்குச் சொல்லுங்கள்!

தேடுபொறியில் 'புதுக்கோட்டை' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். திருச்சிக்குத் தெற்கே உள்ள மாவட்டத் தலைநகர்தான் முந்திக்கொண்டு வரும். தூத்துக்குடி - திருநெல்வேலி சாலையில் இருக்கும் எங்கள் புதுக்கோட்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேல். கல்யாணத்துக்குக் கிளம்பியவர் ஊர் மாறிப் போய் இறங்கினால் முகூர்த்தமே முடிந்துவிடும்!

ஏன் இந்தக் குழப்பம்? வெப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல்., எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று பிரவுசருக்குச் சொல்லும். எழுதியிருப்பது ஊரா, ஆளா என்று அதுவாகச் சொல்லாது. எங்கள் பக்கம் 'முத்து' என்றால் கடலில் எடுப்பதும் உண்டு, அடுத்த வீட்டுக்காரர் பெயரும் உண்டு. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே எழுத்துகள்தான். இதைத் தீர்க்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு.

வழி 1: பக்கத்திலேயே குறிப்பு

இது ஊர், இது மாவட்டம், இது பின்கோடு என்று எச்.டி.எம்.எல்.லுக்குள்ளேயே குறித்துவிடுவது. பார்ப்பவர் கண்ணுக்கு இந்தக் குறிப்பு தெரியாது, தேடுபொறி படித்துக்கொள்ளும். மைக்ரோஃபார்மட் இந்த வகை. 2011-ல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ மூன்றும் சேர்ந்து இதற்கென ஸ்கீமா டாட் ஆர்க் என்ற பொதுச் சொற்பட்டியலை வெளியிட்டன.

வழி 2: ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம்

1999-ல் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்த ஆர்.டி.எஃப். முறையில், எந்தத் தகவலையும் மூன்று துண்டாக எழுதலாம்: 'புதுக்கோட்டை - இருக்கும் மாவட்டம் - தூத்துக்குடி'. ஒவ்வொரு ஊருக்கும் தனி இணைய முகவரி தருவதால், பெயர் ஒன்றானாலும் ஊர் மாறாது. 2012-ல் தொடங்கிய விக்கிடேட்டாவில் சென்னையின் அடையாளம் கியூ1352. 'சென்னை' என்றாலும் 'மெட்ராஸ்' என்றாலும் அதே எண்தான்.

இது நமக்குப் புதிதல்ல. 1972-ல் வந்த பின்கோடும் இப்படித்தான். 622 என்று தொடங்கினால் அந்தப் புதுக்கோட்டை, 628 என்றால் எங்கள் ஊர்.

எது நல்லது?

பல இடத்துத் தகவல்களை ஒன்றோடொன்று இணைக்க இரண்டாவது முறை பலமானது; ஆனால் எழுதிப் பழக நாளாகும். சிறு கடைக்கு வெப் பக்கம் வைப்பவருக்கு முதல் முறையே போதும் என்பது என் கருத்து.

அதுவும் கடினமாகத் தெரிகிறதா? உங்கள் பக்கத்தில் ஊர், மாவட்டம், பின்கோடு மூன்றையும் படமாகப் போடாமல் எழுத்தாக டைப் செய்யுங்கள். தேடி வருபவர் சரியான ஊருக்கு வந்து சேர அதுவே பாதி உதவி.